கணக்கு நம் விரலில்

அத்திபெலே தெரியும் அல்லவா? பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் வழியில், கர்நாடகத்தின் எல்லையில் இருக்கும் ஊர். பெங்களூர் நகர மாவட்டத்தில் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. இந்த ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு. காசுமீரத்தில் தொடங்கி கன்னியாகுமரி வரை போகும் நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும். சுற்றிலும் தொழிற்சாலைகள். கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கடைத்தெருவில் காதில் விழும்.

இங்கே ஒரு மகளிர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சங்கத்தில் 20 பேர். வாரம் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. ஒருவர் பணம் வசூல் செய்கிறார். அவரை வசூல் அக்கா என்போம். இன்னொருவர் கணக்கு எழுதுகிறார். அவரைக் கணக்கு அக்கா என்போம். கணக்கு அக்கா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகு, இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர்.

முன்பெல்லாம் சங்கக் கணக்கை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றுவார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். நம் கணக்கு வெளியாள் கையில் இருந்தது. அவர் என்ன அடித்தார், எங்கே விட்டார் என்று யாருக்கும் தெரியாது. “இனி நாமே அடிப்போம்” என்று சங்கம் முடிவு செய்தது. கணக்கு அக்காவின் மகள் பி.யு.சி. படிக்கிறாள். அவளிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. கணக்கு அக்கா அதில் உட்கார்ந்தார்.

நூறு ரூபாய் எங்கே?

முதல் மாதம் பெரும் பாடு. ஒவ்வொரு வேலைக்கும் மவுஸைப் பிடித்து, அம்புக்குறியை நகர்த்தி, படத்தைத் தேடி அழுத்த வேண்டும். 20 பேர் கணக்கை ஏற்ற ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. தோள் வலித்தது. அடுப்பில் சாம்பார் தீய்ந்தது.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் இன்னொரு தொல்லை வந்தது. நோட்டில் 20 பேரும் 100 ரூபாய் கட்டியதாக எழுதியிருந்தது. பெட்டியில் எண்ணிப் பார்த்தால் 2000 ரூபாய் சரியாக இருந்தது. ஆனால் கணினி 1900 என்று காட்டியது.

“யாருடைய நூறு ரூபாய் ஏறவில்லை?” என்று ஒருவர் கேட்டார்.

“என் பெயரில்தான் விட்டிருப்பாங்க. போன மாதம் நான் கடன் கேட்டதில் கோபம்” என்றார் இன்னொருவர்.

“அக்கா, இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். பழைய நோட்டே போதும்” என்றார் வசூல் அக்கா.

கணக்கு அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நூறு ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் சங்கம் நிற்பது நம்பிக்கையில். சேமிப்புக் கணக்கைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பார்கள். ஒருவர் பெயரில் 100 ரூபாய் குறைந்தால் அவர் மனம் நோகும். சங்கமே உடைந்து போகலாம்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒவ்வொரு வரியாகப் பாருங்க. எல்லா எண்ணும் எந்தப் பக்கம் நிற்குது?”

“வலது பக்கம்.”

“எல்லாமேவா?”

கணக்கு அக்கா கீழ் அம்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது வரியில் நின்றார். அந்த ஒரு 100 மட்டும் இடது பக்கம் ஒட்டி நின்றது.

என்ன நடந்தது தெரியுமா? பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தை அடித்திருந்தார். இரண்டும் வட்டம்தான். விசைப்பலகையில் பூச்சியத்துக்குக் கீழேயே ‘ஓ’ இருக்கிறது. விரல் ஒரு வரி இறங்கிவிட்டது. நம் கண்ணுக்கு அது 100. கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. கணினி மொத்தம் போடும்போது எண்களை மட்டுமே கூட்டும். எழுத்தை விட்டுவிடும். அதனால்தான் 1900.

கணினி எண்ணை வலப்பக்கம் நிறுத்தும். எழுத்தை இடப்பக்கம் நிறுத்தும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பிழை கண்டுபிடிக்க இது எளிய வழி.

கணக்கு அக்கா அந்த எழுத்தை அழித்து பூச்சியம் போட்டார். என்டர் பொத்தானை அழுத்தினார். மொத்தம் 2000 என்று மாறியது. எல்லாரும் பார்த்தார்கள். வசூல் அக்கா, “எனக்கும் அந்த வரியைக் காட்டுங்க அக்கா” என்று கிட்டே வந்தார்.

கட்டம் போட்ட கணக்குத் தாள்

கணினியில் கணக்கு எழுதும் மென்பொருளை விரிதாள் என்கிறோம். எக்ஸெல் என்பது பலரும் அறிந்த விரிதாள். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள விரிதாள் விலையில்லாமல் கிடைக்கிறது.

விரிதாள் என்றால் பயப்பட வேண்டாம். கடைக்காரர் வைத்திருக்கும் கட்டம் போட்ட பேரேடு போன்றதுதான். குறுக்கே போவது வரி. மேலிருந்து கீழே இறங்குவது பத்தி. இரண்டும் சேரும் இடம் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் தொகை. பேரேட்டில் ஒரு தொகையைத் திருத்தினால் மொத்தத்தையும் அடித்துத் திருத்த வேண்டும். விரிதாளில் மொத்தம் தானே மாறிக்கொள்ளும்.

இந்த யோசனை எப்படி வந்தது? அமெரிக்காவில் டான் பிரிக்ளின் என்னும் மாணவர் வணிகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் பெரிய கணக்குக் கட்டம் போடுவார். ஒரு எண் தவறினால் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டும். “தானே திருத்திக்கொள்ளும் கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும்?” என்று அவர் நினைத்தார். நண்பர் பாப் பிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து 1979ஆம் ஆண்டில் விசிகால்க் என்னும் விரிதாளை வெளியிட்டார். பிறகு 1983இல் லோட்டஸ், 1985இல் எக்ஸெல் வந்தன.

நம் வீட்டிலும் கரும்பலகையில் கணக்குப் போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தவர்கள் உண்டு. நம் தொல்லையும் அவர் தொல்லையும் ஒன்றுதான்.

குறுக்கு வழிப் பொத்தான்கள்

வயலுக்குப் போக ரோட்டைச் சுற்றியும் போகலாம். வரப்பில் குறுக்கே நடந்தும் போகலாம். கணினியிலும் அப்படி உண்டு. மவுஸைப் பிடித்துப் போவது சுற்று வழி. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவது குறுக்கு வழி.

குறுக்கு வழிக்குத் திறவுகோல் கன்ட்ரோல் என்னும் பொத்தான். விசைப்பலகையின் கீழ் வரிசையில், இடது ஓரத்தில் இருக்கும். சில மடிக்கணினிகளில் ஓரத்திலிருந்து இரண்டாவதாக இருக்கும். அதை இடது சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். விடாமல் இன்னொரு பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். பிறகு இரண்டையும் விடுங்கள். அவ்வளவுதான்.

“எனக்கு ஆங்கிலம் தெரியாதே” என்று தயங்க வேண்டாம். ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லை. சில எழுத்துகளின் வடிவம் தெரிந்தால் போதும்.

சி: பிறை நிலா போல வளைந்த எழுத்து. கன்ட்ரோலுடன் தட்டினால் பிரதி எடுக்கும்.

வி: இரண்டு குச்சிகள் கீழே கூராகச் சேர்ந்த எழுத்து. எடுத்த பிரதியை வேறு இடத்தில் ஒட்டும்.

எக்ஸ்: இரண்டு குச்சிகளைக் குறுக்கே போட்டது போன்ற எழுத்து. ஒரு இடத்திலிருந்து வெட்டி எடுக்கும். வேண்டிய இடத்தில் ‘வி’ போட்டு ஒட்டலாம்.

இசட்: மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் சாய்ந்த கோடு. கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்கும். கை தவறி அழித்துவிட்டால் உடனே இதைத் தட்டுங்கள். போனது திரும்பி வரும்.

எஸ்: பாம்பு போல நெளிந்த எழுத்து. செய்த வேலையைச் சேமிக்கும்.

எஃப்: ஒரு கம்பம் வலது பக்கம் இரண்டு கை நீட்டியது போன்ற எழுத்து. தேடிக் கொடுக்கும். பெயரை அடித்து என்டர் தட்டினால் அந்தப் பெயர் இருக்கும் கட்டத்துக்குப் போகும். பெயரைத் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே தேடலாம்.

எழுத்து இல்லாத குறுக்கு வழிகளும் உண்டு. கன்ட்ரோலுடன் ‘ஹோம்’ பொத்தானைத் தட்டினால் தாளின் முதல் கட்டத்துக்குப் போகலாம். கன்ட்ரோலுடன் கீழ் அம்பைத் தட்டினால் பட்டியலின் கடைசிக்குப் போகலாம். நடுவில் வெற்றுக் கட்டம் இருந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். கன்ட்ரோலுடன் அரைப்புள்ளியைத் தட்டினால் இன்றைய தேதி கட்டத்தில் விழும். பணம் கட்டிய அன்றே தேதி போட்டால் பிறகு சண்டை வராது. கட்டத்தில் இருப்பதைத் திருத்த மேல் வரிசையில் இருக்கும் ‘எஃப் 2’ பொத்தான்.

எக்ஸெலில் மொத்தம் போடவும் குறுக்கு வழி உண்டு. தொகைகளுக்குக் கீழே உள்ள வெற்றுக் கட்டத்துக்குப் போங்கள். ‘ஆல்ட்’ பொத்தானைப் பிடித்துக்கொண்டு சமக்குறியைத் தட்டுங்கள். கூட்டப்போகும் கட்டங்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு வரும். அதை நன்றாகப் பாருங்கள். 20 பேரும் உள்ளே இருக்கிறார்களா? இருந்தால் என்டர் தட்டுங்கள். ஒருவர் வெளியே நின்றால் மொத்தம் தப்பாகும்.

‘இசட்’, ‘எக்ஸ்’, ‘சி’, ‘வி’ நான்கும் கீழ் எழுத்து வரிசையில் இடப்பக்கம் அடுத்தடுத்து இருக்கின்றன. கன்ட்ரோல் பொத்தானும் அருகிலேயே இருக்கிறது. ஒரு கையே போதும். வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். கணினி எல்லாருக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்தவர். 2020இல் மறைந்தார். அவர் பெயர் தெரியாதவர்கள்கூட நாள்தோறும் அவர் தந்த வழியில் வேலை செய்கிறார்கள்.

எவ்வளவு நேரம் மிச்சம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முறை மவுஸைத் தேடிப் போய்த் திரும்ப 3 விநாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் 200 முறை அப்படிச் செய்தால் 600 விநாடி. அதாவது 10 நிமிடம். வாரம் ஒரு நாள் என்றால் மாதத்துக்கு 40 நிமிடம். நாள் முழுதும் கணினியில் வேலை செய்பவருக்கு இது பல மணி நேரம் ஆகும்.

நேரம் மட்டுமல்ல. கை அங்கும் இங்கும் போகாவிட்டால் கண்ணும் கட்டத்தை விட்டு விலகாது. வரி மாறி எழுதும் பிழை குறையும். தோள் வலியும் குறையும்.

வேகம் வேறு, சரி வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. கன்ட்ரோலுடன் ‘டி’ என்னும் எழுத்தைத் தட்டினால் மேல் கட்டத்தில் இருப்பது கீழே உள்ள கட்டங்களிலும் நிரம்பும். முதலில் ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக் கீழ் அம்பால் கட்டங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே தட்டில் 20 கட்டங்கள் நிரம்பிவிடும்.

கணக்கு அக்கா இதைக் கற்றதும் மகிழ்ந்தார். முதல் கட்டத்தில் 100 போட்டு, ஒரே தட்டில் 20 பேருக்கும் 100 போட்டுவிட்டார். மகள் கேட்டாள்:

“அம்மா, இந்த வாரம் எல்லாரும் பணம் கட்டிட்டாங்களா?”

கணக்கு அக்கா திடுக்கிட்டார். இரண்டு பேர் கட்டவில்லை. ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. கட்டாதவர் பெயரிலும் 100 ரூபாய் ஏறிவிட்டது. உடனே கன்ட்ரோலுடன் ‘இசட்’ தட்டினார். எல்லாம் பழையபடி ஆயிற்று. பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொகை அடித்தார்.

பணத்தை ஆள் பார்த்து அடிக்க வேண்டும். நிரப்பும் குறுக்கு வழியை எல்லாருக்கும் பொதுவான கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். நாள் கூலியை நாள் எண்ணிக்கையால் பெருக்கும் சூத்திரத்தை முதல் வரியில் ஒருமுறை எழுதினால் போதும். ‘டி’ அதைக் கீழே நிரப்பும். ஒவ்வொரு வரியிலும் அந்தந்த ஆளின் நாளையும் கூலியையும் எடுத்துப் பெருக்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கோப்பை மூடிவிட்டால் ‘இசட்’ பழையதைத் திருப்பித் தராது. வேலைக்கு நடுவில் ‘எஸ்’ தட்டிச் சேமித்துக்கொண்டே இருங்கள். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. நோட்டையும் தூக்கிப் போட வேண்டாம். நோட்டும் கணினியும் ஒன்றையொன்று சரி பார்க்கட்டும்.

கூலிச் சீட்டும் கணக்குதான்

அத்திபெலேயில் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் பலர். மாதம் ஒரு சீட்டு வருகிறது. அச்சடித்த சீட்டு. “கணினி போட்ட கணக்கு தப்பாகுமா?” என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஆகும். ஒரு ‘ஓ’ எழுத்தால் 100 ரூபாய் மறைந்ததைப் பார்த்தோம் அல்லவா? மனிதர் அடித்ததைத்தான் கணினி கூட்டுகிறது.

ஒருவருக்கு 8 மணி நேர வேலைக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 75 ரூபாய். தொழிற்சாலையில் மிகுதி நேர வேலைக்கு இரட்டிப்பு வீதத்தில் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் மிகுதி நேரம் ஒரு மணிக்கு 150 ரூபாய். மாதத்தில் 10 மணி நேரம் மிகுதியாக உழைத்தால் 1500 ரூபாய் வர வேண்டும். சீட்டில் 750 இருந்தால்? கேட்க வேண்டும். கேட்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். வேலை செய்த நாளையும் மணியையும் நாமே ஒரு தாளில் ஏற்றி வைத்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

கையெழுத்துப் போடக் கற்ற நாளில் கைநாட்டு போயிற்று. வட்டிக்காரர் எழுதியதில் என்ன இருக்கிறது என்று படிக்கக் கற்றோம். இன்று கணக்கு கணினிக்குள் போயிருக்கிறது. அதையும் படிக்கக் கற்க வேண்டும். இதுவும் எழுத்தறிவுதான்.

இப்போது அத்திபெலே சங்கத்தில் கணக்கு அக்கா சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் கணக்கை முடித்துவிடுகிறார். பிறகு மடிக்கணினியை எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைக்கிறார். ஒவ்வொருவரும் தம் வரியைத் தாமே தேடிப் பார்க்கிறார்கள். வசூல் அக்காவும் ‘எஃப்’ தட்டக் கற்றுவிட்டார். முதலில் தேடியது அந்தப் பன்னிரண்டாவது வரியைத்தான். அது அவர் பெயர்தான்!

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்தில் இந்த மாதச் செலவை எழுதுங்கள். மொத்தம் போடுங்கள்.

2. ஒரு தொகையில் பூச்சியத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்தைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் என்ன ஆகிறது? அந்தக் கட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது?

3. ஒரு வரியை அழியுங்கள். கன்ட்ரோலுடன் ‘இசட்’ தட்டி மீட்டுக்கொள்ளுங்கள்.

4. வாரம் இரண்டு குறுக்கு வழிகள் மட்டும் பழகுங்கள். ஒரு மாதத்தில் எட்டு கைக்கு வந்துவிடும்.

கலந்து பேசுங்கள்

உங்கள் சங்கத்தின் கணக்கை யார் எழுதுகிறார்கள்? அதை மற்றவர்கள் பார்க்க முடிகிறதா? உங்கள் கூலிச் சீட்டை நீங்கள் சரி பார்த்தது உண்டா?